இடமிருந்து மூன்றாவது ஆள்

திலகத்துக்குக் கோபம் சீக்கிரத்தில் வராது. வந்தால் சீக்கிரத்தில் போகாது. ஆறாங்கட்டைத் தோட்டத்துத் தொழிலாளர் லயத்தில் பிறந்து, பதினான்கு வயதில் பால்வெட்டும் கத்தி பிடித்தவள். ஒரு முறை அவள் கொண்டுவந்த ரப்பர்ப் பாலில் தண்ணீர் கலந்திருப்பதாக, வேலையை மேற்பார்க்கும் மண்டோர் எல்லார் முன்னாலும் சொல்லிவிட்டார். அவள் காலி வாளியை எடுத்துக்கொண்டு வீட்டுக்குப் போய்விட்டாள். நான்கு மாதம் கழித்து அந்த மண்டோர் மகளுக்கு நிச்சயதார்த்தம். மாப்பிள்ளை வீட்டார் உட்கார்ந்திருந்த பந்தலில் டம்ளரைத் தூக்கிப் பிடித்து, "மண்டோரே, இந்தப் பால்ல தண்ணி கலந்திருக்கே, பாக்கலையா?" என்றாள். அவள் புருஷன் தேவதாஸுக்குச் சிரித்துச் சிரித்துப் புரையேறிவிட்டது.

அந்தத் தேவதாஸைத்தான் எண்பத்தாறாம் வருஷம் ஒரு செவ்வாய்க்கிழமை வீரன் சுட்டுப்போட்டான். வீரன் தோட்டத்துக் காவல்காரன். குரங்கு விரட்டக் கொடுத்த துப்பாக்கி அவன் கையில் இருந்தது. வேலையை விட்டு நிறுத்தப்போகிறார்கள் என்று கேள்விப்பட்டவன், விடிகாலைப் பெரட்டில் ஆட்கள் வரிசையாக நின்று பேர் கொடுத்துக்கொண்டிருந்த நேரம் பார்த்து வந்தான். நான்கு பேர் விழுந்தார்கள். அவனை நிறுத்தச் சொன்னவர்களில் ஒருவர்கூட அந்த வரிசையில் இல்லை. கடைசியில் தன்னையும் சுட்டுக்கொண்டு, யாரும் ஒரு வார்த்தை கேட்க முடியாத இடத்துக்குப் போய்விட்டான், பாவி. திலகத்துக்கு அதுவே தீராத எரிச்சல்.

மத்தியானமே கோலாலம்பூரிலிருந்து ஒரு தமிழ்ப் பேப்பரின் நிருபர் தனபாலன் வந்து இறங்கினான். சுட்டவனின் படம் வேண்டும் என்றான். ஆபீஸ் கணக்கெழுதும் பெரிய கிராணி கார்த்திகேசு, சுவரிலிருந்து கோயில் திருவிழாக் கமிட்டியின் படத்தைக் கழற்றிக் கொடுத்தார். எட்டுப் பேர் நிற்கும் படம். பின்பக்கத்தில் எட்டுப் பெயர்கள், அவர் கையெழுத்தில். இருபது வருஷமாகப் பெரட்டில் பேர் கூப்பிடும் செக்ரோல் எழுதிய கை அது. கோயிலில் அர்ச்சனைக்குப் பெயர் எழுதச் சொன்னாலும் செக்ரோல் வரிசையில்தான் எழுதும். படத்தில் யார் எங்கே நிற்கிறார்கள் என்றெல்லாம் பார்க்காது. அந்த வரிசையில் வீரன் மூன்றாவது. படத்தில் இடமிருந்து மூன்றாவதாக நின்றது தேவதாஸ். தோட்டத்துக்காரனுக்கு முகம் தெரியும், பெயர் எந்த வரிசையில் இருந்தால் அவனுக்கென்ன? தனபாலனுக்கு முகம் தெரியாது. லயத்தில் யாரையாவது ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். நிருபர் துரை கேட்கவில்லை. படத்தை வாங்கிக்கொண்டு காரில் ஏறிவிட்டான்.

புதன்கிழமை முதல் பக்கத்தில், உள்ளங்கை அகலத்துக்குத் தேவதாஸின் முகம் வந்தது. மேலே கொட்டை எழுத்தில், 'நால்வரைச் சுட்ட கொடியவன் இவன்தான்!' கீழே இறந்தவர் பட்டியலில் அவர் பெயரும் இருந்தது. பட்டியலை யார் படித்தார்கள்?

ஆஸ்பத்திரி வாசலில் கிடந்த திலகம் அதைப் பார்க்கவில்லை. பார்த்தவர்கள் அவளிடம் காட்டவில்லை. வியாழக்கிழமை உடலைக் கொடுத்தார்கள். வழக்கம்போல லோரியின் முன்பக்கத்தில் தேவதாஸின் படத்தை மாலை போட்டுக் கட்டினார்கள். கோலா சிலாங்கூர் மார்க்கெட்டைத் தாண்டும்போது கூட்டத்தில் ஒருவன் கத்தினான்.

"டேய், பேப்பர்ல வந்த மூஞ்சிடா! நாலு பேரைக் கொன்னவனுக்கு மாலை வேறயா?"

முதலில் ஒரு செருப்பு வந்தது. பிறகு எத்தனை என்று எண்ண முடியவில்லை. நீலவார் சிலிப்பர் ஒன்று பெட்டியின் மேல் விழுந்தது. திலகம் அதை எடுத்தாள், திருப்பி எறியவில்லை. மடியில் வைத்துக்கொண்டாள். சோமுவின் முடிவெட்டும் கடைக் கதவில் தன் புருஷன் முகம் ஒட்டப்பட்டு, சுற்றிச் செருப்பு மாலை தொங்குவதையும் லோரியிலிருந்தே பார்த்தாள்.

மறுநாள் பேப்பரின் ஏழாம் பக்கத்தில் ஒரு வரி: 'படம் மாறியதற்கு வருந்துகிறோம்.' யார் படம் என்று இல்லை. அதே பேப்பரில் ரவாங்கிலிருந்தும் பாகான் நக்கோடா ஓமாரிலிருந்தும் வாசகர்கள், அந்த முகத்தைப் பார்த்தாலே வயிறு எரிகிறது என்று ஒரு வாரம் எழுதிக்கொண்டிருந்தார்கள். திலகத்தின் தம்பி சேது போய்ச் சொல்லியும் சோமு படத்தைக் கிழிக்கவில்லை. "பேப்பர்லயே போட்டிருக்கான், நீ என்ன லா சொல்ற?" என்றான். ஒட்டிய பதினோராம் நாள் பெய்த மழைதான் கிழித்தது.

கிராணி வந்து அவள் காலில் விழப்போனார். தடுத்துவிட்டாள். "உங்க மேல கோவமில்லீங்க கிராணி. கேக்க வேண்டியவன் கேக்கல."

பதினாறாம் நாள் காரியத்துக்குத் தனபாலனே வந்தான். கணவனை இழந்த பெண்களின் கண்ணீரைப் பற்றி ஒரு பக்கம் எழுதப்போகிறானாம்.

"தப்பு நடந்துபோச்சு லா, அக்கா. ரெண்டே நாள்ல திருத்தம் போட்டுட்டோமே."

"ஏழாம் பக்கத்துல."

"முதல் பக்கமெல்லாம் என் கையில இல்லக்கா."

"சரிங்க சார்," என்றாள் திலகம். வீட்டாரைப் படமெடுக்க ஸ்டூடியோ அர்ஜுனன் வந்திருந்தார். "நீங்களும் வந்து நில்லுங்க சார், ஞாபகத்துக்கு. கிராணி முதல்ல, அப்புறம் சேது, மூணாவதா நீங்க." தனபாலன் தலைமுடியைக் கோதிக்கொண்டு வந்து நின்றான். பல் தெரியச் சிரித்தான்.

இரண்டு நாள் கழித்து அவள் ஸ்டூடியோவுக்குப் போனாள். "மூணாவது ஆளை மட்டும் வெட்டி, உள்ளங்கை அகலத்துக்கு ரெண்டு கழுவிக் குடுங்க." அந்தப் புதன்கிழமைப் பேப்பர்கள் இரண்டைத் தேடிப்பிடித்துக் கொட்டை எழுத்துத் தலைப்பைக் கத்தரித்து, இரண்டு படத்திலும் தலைக்கு மேல் ஒட்டினாள். ஒன்றைப் பேப்பர் ஆபீசுக்கு ரெஜிஸ்தர் தபாலில் அனுப்பினாள். 'என் புருஷன் முகமும் பேரும் முதல் பக்கத்தில், அதே அளவில், வெள்ளிக்கிழமைக்குள் வரவேண்டும். வராவிட்டால் இன்னொரு படம் ஊர்க் கடைக் கதவில் இருக்கும்' என்று சேது எழுதிக் கொடுத்தான்.

வெள்ளிக்கிழமை வந்தது. முதல் பக்கம், அதே அளவு: 'குற்றமற்றவர் தேவதாஸ்.' சேதுவை இரண்டு முறை படிக்கச் சொல்லிக் கேட்டாள். பேப்பரை விளக்கடியில் வைத்து, அன்றுதான் வாய்விட்டு அழுதாள். அழுது முடித்து முகம் கழுவி, மரவள்ளி மாவில் பசை காய்ச்சி டின்னில் ஊற்றிக்கொண்டு கோலா சிலாங்கூருக்கு பஸ் ஏறினாள்.

அவள் கதவில் பசை தடவுவதைப் பார்த்துச் சோமு வெளியே ஓடிவந்தான். "அக்கா, அதான் முதல் பக்கத்துல போட்டுட்டாங்களே!"

"என் புருஷன் இங்க பதினோரு நாள் தொங்குனாரு. இவன் பன்னெண்டு நாள் தொங்கட்டும். நீ கிழிச்சே, உன் மூஞ்சி அடுத்தது."

படத்துக்குக் கீழே ஆணியில் நீலவார் சிலிப்பரை மாட்டினாள். சோமு மெல்லக் கேட்டான். "யாருன்னு பேரு எழுத வேணாமாக்கா?"

"கேக்கத் தோணுறவன் கேட்டுக்கட்டும்."

மீன் வாங்கிக்கொண்டு வந்த ஒருவன் நின்றான். தலைப்பைப் படித்தான், முகத்தைப் பார்த்தான். யாரென்று கேட்காமலே காறித் துப்பிவிட்டுப் போனான். திலகம் பசை டின்னை மூடிக்கொண்டு பஸ் நிலையத்துக்கு நடந்தாள்.