முப்பத்திரண்டு பாகை

உடப்பைச் சேர்ந்த பிரியந்தினி புத்தளத்துக்கு வடக்கே ஒரு கல்லுடைப்புக் கம்பெனியின் ஆய்வுகூடத்தில் சேர்ந்த அன்றே, களஞ்சியப் பொறுப்பாளர் ஜபார் அவளை மறித்தார்.

"பொம்புளப் புள்ளக்கி வெடிமருந்து ஸ்டோருல என்ன வேல? வெளிய நில்லு."

அந்தப் பகை இரண்டு வருடமாகியும் ஆறவில்லை. அவள் சோதனைக்குக் கேட்ட மாதிரிகளை அவர் வேண்டுமென்றே பிந்திக் கொடுப்பார். அவள் அவர்மேல் மூன்று முறைப்பாடு எழுதியிருந்தாள்.

2013 பங்குனியில், பாறை உடைக்க வைத்திருந்த அமோனியம் நைத்திரேற்று மூட்டைகளில் நாற்பது கெட்டுக் கிடந்தன. மணிமணியாக வந்த சரக்கு சிலவற்றில் மாவாகியிருந்தது. சிலவற்றில் கல்லாக இறுகியிருந்தது. யுத்தம் முடிந்து நாலு வருடமாகியும் அந்தச் சரக்கில் ஒரு பிடி குறைந்தால் பொலிஸ் வந்து நிற்கும் காலம் அது. ஜபார்தான் நல்லதை விற்றுவிட்டு எதையோ கலந்துவிட்டார் என்று முகாமையாளர் நிக்கொலஸ் முடிவே கட்டிவிட்டார்.

"கலப்படம் எண்டு எழுதிக் கையெழுத்துப் போடுங்க, மிஸ். உங்களுக்கும் அந்தாளப் பிடிக்காதுதானே."

பிடிக்காதுதான். அந்த மனுசன் கைவிலங்கோடு போவதை நினைக்க அவளுக்குக் கொஞ்சம் இனித்தது. ஆனால் சோதித்துப் பார்த்தால் சரக்கு சுத்தம். கலப்படமே இல்லை.

வெப்பமானியைக் களஞ்சியத்தில் தொங்கவிட்டாள். தகரக் கூரைக்குக் கீழே நடுப்பகலில் நாற்பத்தொன்று, விடியலில் இருபத்தாறு. விசயம் பிடிபட்டது. முப்பத்திரண்டு பாகையைத் தாண்டினால் அமோனியம் நைத்திரேற்றின் படிகம் வேறொரு வடிவத்துக்கு மாறும், மாறும்போது ஊதும். குளிர்ந்தால் பழைய வடிவத்துக்கே சுருங்கும். தினமும் ஊதிச் சுருங்கினால் மணி விரிசல் விட்டு மாவாகும். மாவில் கடற்காற்றின் ஈரம் ஏறினால் கல்லாகும்.

நிக்கொலஸின் மேசையிலேயே அதைக் காட்டினாள். ஒரு பிடி மணியைக் கண்ணாடிக் குழாயில் அடைத்து, சுடுநீரிலும் குளிர்நீரிலும் மாற்றி மாற்றி வைத்தாள். பின்னேரமாகும்போது குழாயின் அடியில் மா படிந்திருந்தது.

நிக்கொலஸின் முகம் கறுத்தது. "அப்ப பிழை என்ர எண்டுறீங்களா?"

"தகரத்துக்குக் கீழ சீலிங் அடிக்கச் சொல்லி ஸ்டோர்ல இருந்து போன வருசமே கேட்டிருக்கு, சேர். நீங்கதான் வேண்டாமெண்டீங்க."

அறிக்கையில் அதையும் சேர்த்தே எழுதினாள்.

மறுநாள் ஜபார் ஆய்வுகூடத்துக்குள் வந்தார். உட்காரவில்லை. "எனக்காகவா எழுதின?"

"இல்ல. உங்கள எனக்கு இண்டைக்கும் பிடிக்காது."

"நல்லம். அப்ப நான் உனக்குச் சலாம் போட வேண்டிய அவசியமில்ல." திரும்பிப் போய்விட்டார்.

களஞ்சியத்துக்கு சீலிங் அடிக்கப்பட்டது. ஜபார் வேலையில் நிலைத்தார். பிரியந்தினியின் ஒப்பந்தத்தை ஆனியில் நிக்கொலஸ் புதுப்பிக்கவில்லை, காரணமும் சொல்லவில்லை. அவள் சிலாபத்தில் தண்ணீர் பரிசோதிக்கும் வேலைக்குப் போனாள். அங்கே யாரும் அவளோடு சண்டைக்கு வரவில்லை. முதல் மாதம் முழுக்க அது அவளுக்கு ஒருமாதிரியாகவே இருந்தது.