பேங்கு பிடித்த பத்தாயிரம்

மூன்றாவதோடு படிப்பை விட்டு, மூட்டை சுமந்து, திண்டிவனத்தில் நிலக்கடலைக்கு, எங்கள் பேச்சில் மல்லாட்டைக்கு, சொந்தமாக மண்டி வைத்தவன் நான். என்னை ஒருவனும் ஏமாற்ற முடியாது என்று மார்தட்டுவேன். 2019 கடைசியில் ஒரு நாள், என் கணக்குப்பிள்ளை சேகர் பேங்கிலிருந்து ஐந்து லட்சம் எடுத்து வந்தார். பத்தாயிரம் குறைந்தது.

"வருசத்துல ஒரு கோடிக்கு மேல ரொக்கம் எடுத்துட்டீங்களாம் மொதலாளி. புதுச் சட்டமாம், நூத்துக்கு ரெண்டு ரூபா வரி புடிச்சிக்கினாங்க."

"என் பணத்த நான் எடுக்க எவன்டா வரி புடிப்பான்? கழட்டுடா சட்டைய!"

மூட்டை இறக்க வந்திருந்த பெருமுக்கல் ஊர் விவசாயிகள் முன்னால் கழற்ற வைத்துத் தேடினேன். மறுநாள் பேங்கு மேனேஜரும் அதையேதான் சொன்னார். அந்தப் பத்தாயிரத்தை ஆடிட்டர் என் வருமான வரியில் கழித்துக் கொடுத்துவிட்டார். சேகர்தான் திரும்பி வரவில்லை. எதிர் மண்டியில் சேர்ந்துவிட்டார்.

இப்போதெல்லாம் பேங்குக்கு நானே போகிறேன். எதிர் மண்டிக்காகச் சேகரும் வரிசையில் நிற்பார். என்னைப் பார்த்தால் சட்டைப்பையை வெளியே இழுத்துக் காட்டிவிட்டுத் திரும்பி நின்றுகொள்கிறார்.