ஒன்பது திரைகளும் ஐந்து நிமிடமும்

உக்கடத்துக்குத் தெற்கே ஒரு நூற்பாலையின் கம்ப்யூட்டர் அறையில் நான் வேலைக்குச் சேர்ந்து அப்போது ஆறு வருடம் ஆகியிருந்தது. தொண்ணூறுகளின் பிற்பகுதி. ஒன்பது பிரிவுக்கு ஒன்பது கம்ப்யூட்டர், ஒவ்வொன்றும் வேறு வேறு மணி காட்டும். நூல் ஸ்பின்னிங்கை விட்டுக் கிளம்பும் முன்பே குடோனுக்கு வந்து சேர்ந்துவிட்டதாகத் திரை சொல்லும். அதனால் தினமும் காலையில் கைக்கடிகாரத்தோடு ஒன்பது இடத்துக்கும் நடந்து ஒவ்வொன்றாகத் திருத்துவேன். பஞ்சு பறக்கும் அந்த நடை எனக்குப் பிடிக்கும். மணிக்காரம்மா வந்தாச்சு என்பார்கள். பொழுதை நானே விடியவைப்பதுபோல ஒரு கர்வம்.

தாராபுரத்திலிருந்து ஒருத்தி எங்கள் அறைக்கு வேலைக்கு வந்தாள். என்னைவிட ஏழு வயது இளையவள். இரண்டாம் வாரமே, ஒன்பதையும் இணைக்கும் சர்வரில் ஒரே ஒரு கட்டளை வரி எழுதினாள். அதன்பின் எந்தக் கம்ப்யூட்டரைப் போட்டாலும் அது முதலில் சர்வரிடம் மணி கேட்டு, அதையே தன் மணியாக வைத்துக்கொள்ளும். சர்வருக்கு மட்டும், ரேடியோச் செய்திக்குச் சரிபார்த்த தன் கைக்கடிகாரத்தைப் பார்த்து அவள் மணி வைப்பாள். என் நடை நின்றது. அந்தப் புள்ள கெட்டிங்க என்று குடோன்காரர் என்னிடமே சொன்னார். சிரித்தேன்.

பல்லடம் சாலையில் புது யூனிட் எழும்பிக்கொண்டிருந்தது. அங்கே கம்ப்யூட்டர் அறைக்குப் பொறுப்பாளராக எங்கள் இருவரில் ஒருவரை மேனேஜர் மாதக் கடைசியில் அறிவிப்பார். அந்த நாற்காலியை மனதுக்குள் எத்தனையோ முறை துடைத்து வைத்திருந்தேன்.

தங்கையின் சீர் விசேஷத்துக்கென்று அவள் இரண்டு நாள் லீவு போட்டாள். சர்வர் மணி என் பொறுப்பானது. எங்கள் மில்லில் ஆட்களின் வருகையைப் பதிவுசெய்யும் டைம் ஆபீஸ் சுவர்க்கடிகாரம் எப்போதும் ஐந்து நிமிடம் முந்தி ஓடும். ஆட்கள் ஷிப்டுக்குப் பிந்தக்கூடாதென்று வைத்தது. சங்கு ஊதுபவர்கூட அதை நம்புவதில்லை. எனக்கும் தெரியும். தெரிந்தே, அதைப் பார்த்து சர்வருக்கு மணி வைத்தேன். குழப்பம் வரும், அவள் வரியைக் குறை சொல்வார்கள், பிறகு என்னைக் கூப்பிடுவார்கள் என்று காத்திருந்தேன்.

ஒருவரும் கூப்பிடவில்லை. ஒன்பது திரையும் ஒரே பொய்யை ஒரே குரலில் சொல்லின. எல்லாம் ஒத்துப்போனால் யாருக்குச் சந்தேகம் வரும்? என் கெடுதல்கூட அவள் வரியில் அத்தனை ஒழுங்காக ஓடியது, அதுதான் எரிந்தது.

திரும்பி வந்தவள் திரையைப் பார்த்தாள், தன் கையைப் பார்த்தாள்.

"ஏனுங்க்கா, டைம் ஆபீஸ் கடியாரத்தப் பாத்துங்களா வெச்சீங்க?"

"மறந்துபோட்டேன் கண்ணு."

"செரி உடுங்க. நானும் வந்த புதுசுல அதப் பாத்துத்தான் வெச்சுப்போட்டேன்."

மேனேஜர் வருவதற்குள் திருத்திவிட்டாள். என்னை நம்பினாளா என்று இன்றுவரை தெரியாது.

புது யூனிட் பொறுப்பு அவளுக்கே போனது. அந்த ஐந்து நிமிடத்தைப் பற்றி அவள் யாரிடமும் மூச்சுவிடவில்லை. சொல்லியிருந்தால் அவளை நிம்மதியாக வெறுத்திருப்பேன்.

அவள் போன மறுநாள், ரேடியோவுக்குச் சரிபார்த்த கடிகாரத்தோடு சர்வர் முன் உட்கார்ந்தேன். எட்டு மணிக்கு ஒவ்வொரு பிரிவாகக் கம்ப்யூட்டரைப் போட்டார்கள். ஒன்பதும் அவள் வரி வழியாக வந்து என்னிடம் மணி கேட்டன.

சரியாகவே சொன்னேன்.