காபி தூரத்தில் ஒரு பெயர்

வின்னிபெக்கில் அந்தச் சின்னப் பதிப்பகம் நாலாவது மாடியில் இருந்தது. ஒரு கோடியில் அறையைச் சூடாக்கும் இரும்புக் கணப்பு, மறுகோடியில் காபிப் பாத்திரம். நடுவே இருபத்திரண்டு எட்டு தூரம். எந்த நாவலின் அட்டையானாலும் கணப்பின் மேல் சாய்த்து வைத்து, காபி ஊற்றும் இடத்திலிருந்து படித்துப் பார்ப்பார்கள். படிக்க வராவிட்டால் லோர்னா பெட்ரிக் வெட்டி ஒட்ட மறுபடி கத்தியை எடுப்பாள். இருபத்தாறு வருஷம் அங்கே அட்டை செய்தவள் அவள்.

ஓய்வு பெற்று எத்தனையோ குளிர்காலம் போய்விட்டது. இப்போதும் உருகிய மெழுகின் வாசனை வந்தால் வால்டர் ஹ்னாட்டியுக்தான் நினைவுக்கு வருவார். ரயிலில் சமையல்காரராக இருந்து, எழுபத்தொரு வயதில் முதல் நாவல் எழுதியவர். நாவலின் பெயர், 'பதினேழாம் மைல் கிடங்கு'.

அந்த உயர்ந்த மரத் தானியக் கிடங்கை லோர்னாவே மூன்று வாரம் வரைந்தாள். அட்டை நடுவில் அதை நிறுத்தி, மேலே தலைப்பை இரண்டு வரியாக, பின்பக்கம் மெழுகு தடவிய எழுத்துகளை ஒவ்வொன்றாக நகர்த்தி ஒட்டினாள். ஆசிரியர் பெயர் அடியில், பொடியாக. முதல் நாவலுக்கு அதுதான் வழக்கம்.

பார்க்க வந்த வால்டர் காபிப் பாத்திரத்தருகே தொப்பியைக் கழற்றி நின்றார்.

"தலைப்பு ஜோரா இருக்கும்மா. என் பேரு எங்க?"

"கிடங்குக்குக் கீழ, புல்லு பக்கத்துல."

"அடடே, எறும்புன்னுல்ல நெனச்சேன்!"

விற்பனை பார்க்கும் கஸ் சிரித்தான். "பெரியவரே, உங்க பேரைச் சொன்னா 'யாரு, குழாய் ரிப்பேர்காரரா?'ம்பான் கடைக்காரன். தலைப்புதான் விக்கும்."

"வாஸ்தவம்தான்ப்பா. என் வீட்டுக்காரி ஓல்காவுக்குக் கண்ணு மங்கிக்கிட்டே வருது. பெருசா இருந்தாத்தான் தெரியும். பார்வை போறதுக்குள்ள என் பேரை அட்டையில அவ பாக்கணும்னு இருந்துச்சு. போகட்டும், நான் படிச்சுச் சொல்லிக்கிறேன்."

அவர் படியிறங்கும் சத்தம் வெகுநேரம் கேட்டது.

லோர்னா பெயரைப் பெரிய எழுத்தில் அச்சகத்திலிருந்து வரவழைத்தாள். நீளமான பெயர், எங்கே வைத்தாலும் கிடங்கு இடித்தது. தலைப்பைச் சுருக்கினால் காபி தூரத்தில் மங்கியது. மூன்றாம் நாள் காலை, படத்தை உள்ளங்கையால் கீழே தள்ளினாள். இழை இழையாக வரைந்த கதவும் ஜன்னலும் அட்டைக்கு வெளியே போயின. வெட்டினாள். மிச்சம் கூரையும் வானமும். வானத்தில் பெயர் அகலமாக உட்கார்ந்தது.

"ஏன் லோர்னா, மூணு வார வேலையக் கழுத்தறுத்துட்டியே!"

"கூரை இருக்குல்ல? போய் காபி ஊத்திக்க, போ."

கஸ் போனான். அங்கிருந்து திரும்பிப் பார்த்தான். "வால்டர்... ஹ்னாட்டியுக். சனியன், படிக்க வருதே!" காபி சட்டையில் வழிந்தது.

வெளியீடு தேவாலயக் கூடத்தில். பெரோகிக் கொழுக்கட்டைத் தட்டுகள் காலியானதும் வால்டர் புத்தகத்தைத் தூக்கிப் பிடித்தார். முன் வரிசையில் ஓல்கா கண்ணைச் சுருக்கினாள்.

"ஏய் கிழவா, உன் மண்டையவிட உன் பேரு பெருசா இருக்கே!"

கூடமே சிரித்தது. வால்டர் புத்தகத்தால் முகத்தை மூடிக்கொண்டார்.

வெட்டுப்பட்ட கீழ்ப்பாதி இன்றும் லோர்னாவின் சமையலறைச் சுவரில் தொங்குகிறது. கூரை எங்கே என்று கேட்காத விருந்தாளி கிடையாது.

"ஓல்கா வீட்டுல," என்பாள்.