பேச்சு மட்டும் கேட்கும் போன்

ஜோவிதாவுக்கு எதையும் ஒரே தடவையில் வாங்கத் தெரியாது. கத்தரிக்காயைக்கூடக் கூடையில் போட்டு, மறுபடி வெளியே எடுத்து, கடைக்காரர் முகம் கோணும்வரை யோசிப்பாள். அப்படிப்பட்டவள் விலை உயர்ந்த போன் ஒன்று வாங்கக் கிளம்பியதில், காக்ஸ் டவுனில் அவள் வேலை பார்க்கும் கண் கிளினிக்கில் எல்லோருக்கும் தலைவலி வந்துவிட்டது. கேமரா அருமை, ஆனால் கையில் வழுக்குகிறது. திரை பளிச்சென்று இருக்கிறது, ஆனால் சூடாகிறது. இவ்வளவு விலை வைத்தும் பெட்டிக்குள் சார்ஜர் வைக்க மாட்டானாம்.

"நீ போன் பாக்கிறியா, மாப்பிள்ளை பாக்கிறியா?" என்று கேட்டாள் பக்கத்து கவுன்ட்டர் ஸ்ரீவித்யா.

"இதுல பின்னாடி லாரி போனாகூட பேசறவங்க குரல் மட்டும்தான் கேக்குமாம்" என்றாள் ஜோவிதா. கடைசியில் அதற்காகத்தான் அந்த போனைத் தேர்ந்தெடுத்தாள்.

போன் அவளுக்கு இல்லை. தங்கவயலில் தனியாக இருக்கும் அவள் அப்பா கில்பர்ட்டுக்கு. சுரங்கத்தை மூடிப் பல காலம் ஆகியும் அதன் தூசி அவர் நெஞ்சைவிட்டுப் போகவில்லை. லிங்கராஜபுரத்தில் இருக்கும் தன் வீட்டுக்கு வரச் சொன்னால் வரமாட்டார். மாடி வீட்டில் அடைந்து கிடக்க முடியாது என்பார்.

சுரங்கத் தொழிலாளர் குடியிருப்பில் ஒரு வீட்டுக்கும் அடுத்த வீட்டுக்கும் நடுவே மெல்லிய தடுப்புச் சுவர்தான். ஆண்கள் எப்படி இருக்கிறார்கள் என்று அங்கே யாரும் கேட்டுக்கொண்டிருக்க மாட்டார்கள். சுவருக்கு அந்தப் பக்கம் வரும் மூச்சே சொல்லிவிடும். அதே காதோடு வளர்ந்தவள் ஜோவிதா. தினமும் சாயங்காலம் போன் செய்து "சாப்பிட்டீங்களா" என்று கேட்பதெல்லாம் ஒப்புக்குத்தான். இரண்டு வார்த்தைக்கு நடுவில் வரும் மூச்சு இழுப்பைத்தான் அவள் கேட்பாள். இழுப்பு நீண்டால் மறுநாளே ரயிலேறிவிடுவாள். இருந்தாலும் அவருடைய பழைய போனில் முகம் கலங்கலாகத் தெரிந்தது. உதடு நீலம் பாய்ந்திருக்கிறதா, கால் வீங்கியிருக்கிறதா என்று பார்க்க முடியாமல் தவித்துத்தான் புதியதை வாங்கிக் கொடுத்தாள்.

முதல் நாளே வித்தியாசம் தெரிந்தது. அப்பாவின் குரல் ரேடியோவில் வருவதுபோல் சுத்தமாக வந்தது. இழுப்பே இல்லை. முகமும் திரையில் மினுமினுவென்று இருந்தது. புது மாத்திரை நன்றாக வேலை செய்கிறது என்று நினைத்துக்கொண்டாள். வழக்கமாகப் போகும் சனிக்கிழமையை ஒருமுறை தள்ளிப்போட்டாள், அடுத்த வாரமும் தள்ளிப்போட்டாள். ஆனாலும் போனை வைத்த பிறகு சமையலறைக்கும் பால்கனிக்குமாக நடந்துகொண்டே இருந்தாள். எல்லாம் நன்றாகத்தானே இருக்கிறது, பிறகு ஏன் உட்கார முடியவில்லை என்று தன் மேலேயே எரிச்சல் வந்தது.

ஒரு மத்தியானம் கிளினிக்கில் இருக்கும்போது தெரியாத எண்ணிலிருந்து அழைப்பு வந்தது.

"ஜோவி, என் போன் சார்ஜ்ல கீது. இது பக்கத்து வூட்டு கோவிந்தன் போனு..."

அதற்கப்புறம் இழுப்பு. துருத்தி ஊதுவதுபோல் நீளமாக, அடியில் கரகரப்போடு. அவர் அடுத்த வார்த்தைக்கு வர வெகுநேரம் ஆயிற்று. ஜோவிதாவுக்கு அப்போதுதான் உறைத்தது. முகத்தை மினுக்கிக் காட்டி, லாரிச் சத்தத்தை அழிக்கிற போனுக்கு அப்பாவின் மூச்சும் சத்தம்தானே. அதைத் தெரிந்தே வாங்கி, தன் கையாலேயே கொண்டுபோய்க் கொடுத்திருக்கிறாள். ஸ்ரீவித்யாவிடம் கவுன்ட்டரை ஒப்படைத்துவிட்டு கண்டோன்மென்ட் ரயில் ஸ்டேஷனுக்கு ஓடினாள்.

அன்றே அவரை ஆஸ்பத்திரியில் சேர்த்தாள். ஆக்ஸிஜனும் ஊசியும் ஏறி, அவர் தலையணையில் சாய்ந்து உட்கார மறுநாள் ஆயிற்று. கட்டிலோரம் உட்கார்ந்து ஜோவிதா அந்த போனின் செட்டிங்கை நோண்டிக்கொண்டிருந்தாள்.

"இன்னாமா பண்ற?"

"உங்க இழுப்பு எனக்குக் கேக்காம பண்ணுது டாடி இது. அதை நிறுத்தறேன்."

கில்பர்ட் ஜன்னல் பக்கம் பார்த்தார். "எனக்குத் தெரியும். பின்னால டெம்போ போறதே கேக்கலன்னு கோவிந்தன் சொன்னான். அப்போ இதுவும் கேக்காதுன்னு தெரிஞ்சிக்கினேன்."

ஜோவிதாவுக்குக் கோபமும் அழுகையும் சேர்ந்து வந்தன. "தெரிஞ்சும் சொல்லாம இருந்தீங்களா?"

"இந்த போனுல எனக்குப் புடிச்சதே அதான் கண்ணு. நீயும் கொஞ்ச நாளு நிம்மதியா இருந்தல்ல."

"நான் எங்க டாடி நிம்மதியா இருந்தேன்?" என்றபடி அவள் அந்த செட்டிங்கை அணைத்தாள்.

அவர் வீடு திரும்பிய பிறகு, ஒரு சாயங்காலம் லிங்கராஜபுரத்திலிருந்து கூப்பிட்டாள். கோவிந்தன் வீட்டு டிவி கேட்டது, தெருநாய் குரைத்தது, யாரோ குடத்தை இறக்கி வைத்தார்கள். அவற்றுக்கு நடுவில் அந்த இழுப்பும் வந்தது, முன்னைவிடக் குட்டையாக. ஜோவிதா நடப்பதை நிறுத்திவிட்டு போனைக் காதோடு அழுத்திக்கொண்டாள்.

பேசி முடித்த கில்பர்ட், "இன்னா கண்ணு, லைன்ல கீறியா?" என்று கேட்டார்.

"கேட்டுக்கினுதான் இருக்கேன் டாடி."