ஆற்றின் மேல் போட்ட பழி

செய்தி வந்தபோது நான் பசறையில் ஓர் ஆசிரியர் கூட்டத்தில் இருந்தேன். கைபேசியில் எங்கள் பாடசாலை அதிபர். "டீச்சர், நம்ம பிள்ளைக்காம்பரா புஷ்பராணி ஆஸ்பத்திரியில தவறிட்டாங்களாம்" என்றார். நான் வாய் திறப்பதற்குள் அடுத்ததையும் சொல்லி முடித்துவிட்டார். "ஆத்துல போய் விளையாடினா இப்பிடித்தானே ஆகும்?"

அவள் உடலை இன்னும் வீட்டுக்குக் கொண்டு வரவில்லை. அதற்குள் தீர்ப்பு வந்துவிட்டது. பசறையிலிருந்து பதுளை வரை வளைந்து வளைந்து ஓடிய பஸ்ஸில் எனக்கு அழுகை வரவில்லை. ஆத்திரம்தான் வந்தது. இன்றுவரை அது அடங்கவில்லை. அவளைத் தெரிந்த உங்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன். அமைதியாக எழுத முயன்று பார்த்தேன், முடியவில்லை.

ஹாலிஎலவுக்கு மேலே இருக்கும் எங்கள் தேயிலைத் தோட்டத்தில் கொழுந்தெடுக்கப் போகும் தாய்மார் தங்கள் கைக்குழந்தைகளை விட்டுப் போகும் இடம் பிள்ளைக்காம்பரா. அதைப் பார்த்துக்கொண்டவள் புஷ்பராணி. என்னைவிடக் கொஞ்சம் இளையவள், நாற்பதை நெருங்கிக்கொண்டிருந்தாள். கணவர் தியாகு கொழும்பில் ஒரு கடையில் வேலை. பாடசாலைக்கும் பிள்ளைக்காம்பராவுக்கும் நடுவே ஒரு வேலிதான். இடைவேளையில் அந்த வேலியோரம் நின்று இருவரும் பிளேன்டீ குடிப்போம். அவள் பேச்சில் பாதி குறை சொல்வதாகவே இருக்கும். கூரை ஒழுகுகிறது, பால்மா வரவில்லை, கழிவுநீர்க் கான் அடைத்திருக்கிறது, தோட்டத்துத் துரை கேட்பதில்லை. அந்தக் குறைகளில் ஒன்றுகூட பொய்யில்லை.

ஆற்றுக்கு எங்களைக் கூப்பிட்டவர் இர்ஃபான். பதுளை டவுனில் புடவைக்கடை வைத்திருப்பவரின் மகன். வேறு ஊர் ஆறுகளில் சுற்றுலாப் பயணிகளைப் படகில் கூட்டிப் போகும் வேலை பார்த்துவிட்டு, சொந்தமாகச் சில கயாக் படகுகளோடு ஊர் திரும்பியிருந்தார். ஓர் ஆள் மட்டும் காலை நீட்டி உட்கார்ந்து, இரண்டு பக்கமும் அலகு உள்ள துடுப்பால் ஓட்டுகிற ஒல்லிப் படகு அது. பெண் பயணிகளோடு போக உள்ளூர்ப் பெண்கள் வேண்டும், ஞாயிற்றுக்கிழமைகளில் இலவசமாகப் பழக்குகிறேன், ஆசிரியைகள் யாராவது வருவீர்களா என்று கேட்கத்தான் பாடசாலைக்கு வந்தார். நான் யோசித்துக்கொண்டிருந்தேன். வேலிக்கு அந்தப் பக்கம் ஒரு குழந்தையை இடுப்பில் வைத்திருந்த புஷ்பராணி கேட்டாள்.

"டீச்சருக்கு மட்டும்தானா தம்பி? எங்களுக்கு இல்லையா?"

"அக்காவுக்கு நீச்சல் தெரியுமா?"

"தெரியாது. அது தெரிஞ்சா ஓங்கிட்ட ஏன் வாறேன்?"

மகியங்கனை ரோட்டில் பஸ்ஸில் போய் இறங்கி, வயல் வரப்பில் கொஞ்ச தூரம் நடந்தால், பதுளை ஓயா என்கிற எங்கள் ஆறு அகலமாகி மெதுவாக ஓடும் ஓர் இடம் வரும். அங்கேதான் பழக்கம். என் பழைய விளையாட்டு உடுப்பைப் போட்டுக்கொண்டு, உயிர்காப்பு அங்கியின் வார்களை இழுத்து இறுக்கி, அவள் படகில் உட்கார்ந்தாள். துடுப்பை முதல் தடவை வலித்தாள். படகு இடது பக்கம் திரும்பியது. நேராக்கப் பார்த்தாள், இன்னும் திரும்பியது. ராட்டினம் மாதிரி ஒரே இடத்தில் சுற்றிக்கொண்டே இருந்தாள். நானும் அதே கதிதான். "கையால வலிக்காதீங்க, இடுப்புலயிருந்து உடம்பத் திருப்புங்க. படகோட மூக்கப் பாக்காதீங்க, போற எடத்தப் பாருங்க" என்று இர்ஃபான் கரையிலிருந்து கத்தினார். கேட்டால் எளிதாகத்தான் இருக்கிறது. செய்யும்போது கை ஒரு பக்கம், இடுப்பு ஒரு பக்கம், படகு தன் இஷ்டத்துக்கு ஒரு பக்கம். அன்று பகல் முழுவதும் நாங்கள் ஓர் ஐம்பது அடி தூரத்தைக்கூட நேராகத் தாண்டவில்லை. தோள் கழன்று விழுகிற மாதிரி வலி. திரும்பி வரும் பஸ்ஸில் நான், "மொத நாள் தானே புஷ்பா, போகப் போக சரியாகும்" என்றேன். ஜன்னல் பக்கம் திரும்பியிருந்தவள் என்னைப் பார்த்து முறைத்தாள்.

"ஆறுதல் சொல்லாதீங்க டீச்சர். என்ன தப்புன்னு சொல்லுங்க."

அவளோடு பழகிய எல்லோருக்கும் இந்த வாக்கியம் தெரிந்திருக்கும். தேற்றப் போனவர்களை அவள் ஒருபோதும் மன்னித்ததில்லை.

நேராக ஓட்ட வந்த பிறகு அடுத்த கட்டம் கவிழ்வது. படகு தலைகீழாகக் கவிழ்ந்தால் பதறாமல், முன்னால் குனிந்து, படகின் விளிம்பைத் தள்ளி, காலை உருவிக்கொண்டு வெளியே வர வேண்டும். அது வராமல் ஓடுகிற தண்ணீருக்குப் போகக் கூடாது என்பதில் இர்ஃபான் கண்டிப்பாக இருந்தார். இடுப்பளவு தண்ணீரில் பக்கத்திலேயே நின்றுகொண்டு அவர் புஷ்பராணியின் படகைக் கவிழ்த்தார். அவள் உள்ளேயே உதறினாள், முட்டி மோதினாள், அவர் தூக்கி நிமிர்த்தியதும் மூக்கில் தண்ணீர் வழிய அவர் தோளில் ஓங்கி ஒரு குத்து விட்டாள். பிறகு கரையில் உட்கார்ந்து அழுதாள். பயத்தில் வந்த அழுகை என்று நினைத்துப் பக்கத்தில் போனேன். "பிள்ளைங்க அழுதா மூச்ச அடக்காதன்னு சொல்லுவேன் டீச்சர். எனக்கு என் மூச்சு எங்க இருக்குன்னே தெரியல" என்று தன்னையே திட்டிக்கொண்டாள். அடுத்தடுத்த ஞாயிறுகளிலும் அதே கதை. நான் இரண்டாவது தடவையிலேயே வெளியே வந்துவிட்டேன். அதற்காக என்னோடு பஸ்ஸில் பேசாமல் வந்தாள். வீட்டில் ஒரு பேசினில் தண்ணீர் நிரப்பி முகத்தை அமிழ்த்திப் பழகியிருக்கிறாள் என்பது பின்னால்தான் தெரிந்தது. ஒருநாள் கவிழ்ந்தாள், சத்தமில்லாமல் பக்கவாட்டில் வெளியே வந்தாள், படகைப் பிடித்துக்கொண்டு மிதந்தாள். நாங்கள் கத்தினோம். "இன்னொரு தடவ கவுருங்க தம்பி, இது தற்செயலா இருக்கும்" என்றாள்.

அந்த இடத்துக்குக் கீழே ஆறு இரண்டு பாறைகளுக்கு நடுவே குறுகி, கொஞ்சம் வேகமாக இறங்கும். நன்றாகப் பழகியவர்களுக்கு அது ஒன்றுமில்லை. எங்களுக்கு அது பெரிய விஷயம். பாறை கிட்டே வந்தால் விலகிச் சாயாதே, பாறைப் பக்கமே சாய். விழுந்தால் கால்களை முன்னால் நீட்டி மல்லாந்து மித, எழுந்து நிற்கப் பார்க்காதே, கல்லிடுக்கில் கால் மாட்டிக்கொள்ளும். இதையெல்லாம் மனப்பாடமாகச் சொல்லிக்கொண்டே புஷ்பராணி போனாள். பாறைக்கு முன்னால் படகு என்ன நினைத்ததோ, அப்படியே முழுதாகத் திரும்பியது. அவள் பின்பக்கமாக, எங்களைப் பார்த்தபடியே, திட்டிக்கொண்டே அந்த இறக்கத்தைக் கடந்தாள். கவிழவில்லை. நாங்கள் கைதட்டினோம்.

"கைதட்டாதீங்க!" என்று கீழேயிருந்து கத்தினாள். "நான் போகல. ஆறு என்னயத் தள்ளிட்டு வந்திருக்கு!"

படகைத் தோளில் சுமந்துகொண்டு கரை வழியே மேலே ஏறி வந்தாள். மறுபடி இறங்கினாள். மறுபடி தப்பு. மறுபடி சுமந்தாள். இர்ஃபான் மலைப்பக்கம் கறுத்திருந்த வானத்தைப் பார்த்துப் பார்த்து, "போதும்க்கா, மேல மழ பெஞ்சா தண்ணி கலங்கி வந்திரும்" என்று கெஞ்சினார். கடைசியில் மூக்கு முன்னால் இருக்க, துடுப்பு சரியான பக்கம் விழ, நேராக இறங்கி, பாறைக்குப் பின்னால் தண்ணீர் அசையாமல் நிற்கும் இடத்தில் படகைத் திருப்பி நிறுத்தினாள். அந்த முறை யாரும் கைதட்டவில்லை. பயந்துகொண்டு சும்மா நின்றோம். அவள்தான் சிரித்தாள்.

இதற்குப் பிறகு நடந்ததை நினைத்தால் எனக்கு இன்றும் எரிகிறது. இர்ஃபானோடு சேர்ந்து இந்தப் பயணங்களை நடத்த முன்வந்திருந்த ஒருவர், பெண் பயணிகளுக்கு ஆங்கிலம் பேசும் யாரையாவது கொழும்பிலிருந்து எடுத்துக்கொள்ளலாம் என்று முடிவு செய்தார். தோட்டத்து அக்கா வேண்டுமானால் ஆற்றங்கரையில் பகல் சாப்பாட்டைப் பார்த்துக்கொள்ளட்டுமாம். இதைச் சொல்ல இர்ஃபானுக்கு வாய் வரவில்லை, தலையைக் குனிந்துகொண்டுதான் சொன்னார்.

"சோறு போட எனக்குத் தெரியும் தம்பி" என்றாள் புஷ்பராணி. "அதக் கத்துக்கவா நான் இவ்வளவு தண்ணி குடிச்சேன்?"

இத்தோடு ஆற்றை விட்டுவிடுவாள் என்று நினைத்தேன். அவள் விடவில்லை. வேலை இல்லாவிட்டாலும் ஞாயிறு தோறும் போனாள். எனக்குத்தான் போகப் பிடிக்கவில்லை, அவள் இழுத்துக்கொண்டு போனாள். "அவங்க குடுக்காட்டி நான் படிச்சது இல்லன்னு ஆகிருமா?" என்று கேட்டாள். பயணங்களுக்கு ஆள் சேராமல் அந்தப் பங்காளி சில மாதங்களில் ஒதுங்கிக்கொண்டார் என்பது வேறு கதை.

பிறகு மழைக்காலம் வந்தது. தொழிலாளர் குடியிருக்கும் லயத்துக்குப் பின்னால் ஓடும் கான் அடைத்து, அழுக்குத் தண்ணீர் பிள்ளைக்காம்பரா வாசல்வரை ஏறியது. அவள் தோட்டத்து ஆபீசில் சொன்னாள், தொழிற்சங்கத் தலைவரிடம் சொன்னாள், திரும்பவும் ஆபீசில் சொன்னாள். ஆட்கள் வருவார்கள் என்றார்கள். ஒருவரும் வரவில்லை. தவழ்கிற குழந்தைகள் அந்தத் தண்ணீரில் கை வைப்பதைப் பார்த்துவிட்டு, ஒரு காலை வேளை மண்வெட்டியை எடுத்துக்கொண்டு அவளே இறங்கினாள். பூட்ஸ் இல்லை, வெறுங்கால். முழங்கால் வரை சேற்றில் நின்று அடைப்பை வெட்டிவிட்டாள். நான் வகுப்பு ஜன்னலிலிருந்து பார்த்தேன். அந்த வாரம் ஞாயிற்றுக்கிழமை, மழை விட்டு ஆறு தெளிந்த பிறகு, நாங்கள் வழக்கம்போல ஓயாவுக்கும் போனோம்.

அதற்குப் பிறகுதான் காய்ச்சல். தோட்டத்து மருந்துக்காம்பராவில் பனடோல் கொடுத்து அனுப்பினார்கள். கெண்டைக்கால் வலி தாங்க முடியவில்லை என்றாள், கண் சிவந்திருந்தது. மறுபடி போனாள், மறுபடி பனடோல். பதுளைக்குக் கொண்டு போனபோது சிறுநீரகம் வேலை செய்வதை நிறுத்தியிருந்தது. எலிக்காய்ச்சல் என்றார் மருத்துவர், எலியின் சிறுநீர் கலந்த தண்ணீரிலிருந்து தொற்றுவது. எந்தத் தண்ணீரில் இறங்கினார் என்று கேட்டார். கானையும் சொன்னேன், ஆற்றையும் சொன்னேன். எதிலிருந்து வந்தது என்று உறுதியாகச் சொல்ல முடியாது, இரண்டிலுமே வரலாம் என்றார்.

மருத்துவருக்கே தெரியாதது ஊருக்கு எப்படித் தெரிந்தது என்பதுதான் என் கேள்வி. சாவு வீட்டில் எல்லோரும் ஆற்றைத்தான் பேசினார்கள். இரங்கல் சொல்ல எழுந்த தலைவர், "நம்ம பொம்பளைங்களுக்கு எதுக்கு இந்த வெளாட்டெல்லாம்" என்று ஆரம்பித்தார். நான் எழுந்து, "கானைப் பத்தியும் சொல்லுங்க தலைவரே" என்றேன். யாரோ என் கையைப் பிடித்து உட்கார வைத்தார்கள். சாவு வீட்டில் சண்டை வேண்டாம் என்றார்கள். அவள் சேற்றில் நின்று வெட்டியதைப் பார்த்தவர்கள் அந்தக் கூட்டத்தில் எத்தனையோ பேர். ஒருவரும் வாய் திறக்கவில்லை. ஒரு பெண் சந்தோஷத்துக்காக இறங்கிய தண்ணீரைக் குற்றம் சொல்வது நமக்கு எவ்வளவு எளிதாக இருக்கிறது!

கருமாதி முடிந்த பிறகு தியாகு என்னிடம் வந்தார். "ஊரெல்லாம் என்னென்னமோ சொல்றாங்க டீச்சர். நான் அந்த ஆத்தப் பாத்ததே இல்ல. ஒரு தடவ காட்டுங்க" என்றார். கூட்டிப் போனேன். இரண்டு பாறைகளுக்கு நடுவே ஓடும் தண்ணீரை அவர் வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார்.

"இதுக்குள்ளயா போனா?"

"ஆமாங்க. திரும்பத் திரும்பப் போனா."

"பயந்தாளா?"

"நல்லா பயந்தா. திட்டிக்கிட்டே போனா."

அவர் சிரித்தார். பிறகு சட்டைக் கையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். "போன்ல சொல்லுவா டீச்சர். நான் சும்மா ஊம் கொட்டிக்கிட்டு இருப்பேன்" என்றார். ஆற்றை அவர் ஒரு வார்த்தை குறை சொல்லவில்லை. திரும்பும்போது, கான் விஷயமாக எழுத்தில் முறைப்பாடு கொடுக்கப் போவதாகச் சொன்னார். கொடுத்திருக்கிறார். பதில் இன்னும் வரவில்லை. நானும் கையெழுத்துப் போட்டிருக்கிறேன். நீங்களும் போடலாம்.

அவளிடமிருந்து எனக்கென்று என்ன மிஞ்சியிருக்கிறது என்று கேட்டால், அந்தக் கடைசி ஞாயிற்றுக்கிழமையைச் சொல்வேன். பழக்கம் முடிந்து, அகலமான இடத்தில் எங்கள் படகுகள் சும்மா மிதந்துகொண்டிருந்தன. அவள் துடுப்பை மடியில் குறுக்காக வைத்திருந்தாள். தண்ணீர் அவளைக் கொஞ்சம் கொஞ்சமாகத் திருப்பிக்கொண்டிருந்தது, அவள் சரிசெய்யவில்லை. விடிந்தால் இருட்டும் வரை குழந்தைகள் அம்மா அம்மா என்று கூப்பிட்டுக்கொண்டே இருக்கும் வாழ்க்கை அவளுடையது. என் பக்கம் திரும்பாமலே சொன்னாள்.

"கவனிச்சீங்களா டீச்சர்? இங்க வந்ததுலயிருந்து யாருமே என்னயக் கூப்பிடல."

கரையில் இர்ஃபான் படகுகளைக் கொண்டுவரச் சொல்வதற்காக வாயருகே கையைக் குவித்தார். நான் கையை உயர்த்தி, வேண்டாம் என்று சைகை காட்டினேன்.