ஓவர் கொடுத்த ஆலங்காயம் சிஸ்டர்

ஊருக்கு ஊர் பிரவுசிங் சென்டர் முளைத்திருந்த இரண்டாயிரத்து எட்டு, ஒன்பது வாக்கில் நடந்தது இது. நான் வேலூர் பாகாயத்தில் நர்சிங் ஆசிரியை. சுற்றுவட்டாரத்துச் சின்ன மருத்துவமனைகளின் சிஸ்டர்கள் ஊரை விட்டு வராமலே படிக்கட்டும் என்று, கெஞ்சிக் கூத்தாடி அனுமதி வாங்கி, இணையத்தில் ஒரு கோர்ஸ் ஆரம்பித்தேன்.

பாடங்களைப் பார்த்துப் பார்த்துச் செய்தேன். எல்லோரும் கலந்து பேச ஒரு பக்கமும் வைத்தேன். ‘உங்கள் கருத்தை எழுதவும்’ என்று போட்டால், கீழே ஈ காக்கை இல்லை. வார்டில் வாய் ஓயாதவர்கள் இங்கே வாயில் கொழுக்கட்டையோடு இருந்தார்கள்!

“யாரும் பேசலைன்னா புத்தகத்தையே தபால்ல அனுப்பிடலாமே. இந்த மாசத்தோட நிறுத்திக்குங்க” என்றார் எங்கள் கல்லூரி முதல்வர். எனக்கு அழுகையே வந்துவிட்டது.

மறுநாள், கோர்ஸில் சேர்ந்திருந்த ஆலங்காயம் சிஸ்டர் ஒருவர் சந்தேகம் கேட்கப் போன் செய்தார். முகம்கூடப் பார்த்ததில்லை. விஷயத்தைச் சொன்னேன்.

“ஐயோ மேடம், நிறுத்திடாதீங்க. கைக்குழந்தைய விட்டுட்டு நான் எங்க வந்து படிக்கிறது? கருத்துன்னு கேட்டா எல்லாருக்கும் பயம் மேடம். இருங்க, நான் ஒண்ணு எழுதிப் பாக்கறேன்.”

டியூட்டி மாறும்போது நோயாளிகளை அடுத்த சிஸ்டரிடம் ஒப்படைப்பதை நாங்கள் ‘ஓவர் கொடுப்பது’ என்போம். அன்று சாயங்காலம் அவர் அந்த இணையப் பக்கத்தில் ஒரு கற்பனை நோயாளியை அப்படியே ஓவர் கொடுத்திருந்தார். “தோல் டேனரில வேலை பாக்கற அம்மா. சர்க்கரை ஜாஸ்தி. கால்ல புண். டிரஸ்ஸிங் பண்ணியாச்சு, சாப்பிட மாட்டேங்கறாங்க. அடுத்த டியூட்டி சிஸ்டர் பாத்துக்குங்க.”

ஓவர் கொடுத்தால் வாங்கிக்கொள்ளாமல் எந்த நர்ஸால் சும்மா இருக்க முடியும்? “சாப்பிடாமலே மாத்திரை குடுத்துட்டீங்களா சிஸ்டர்? மயக்கம் வந்துடப் போவுது” என்று வாணியம்பாடியிலிருந்து ஒருவர் பதறினார். “நாள் பூரா ஈரத்துல நின்னா புண் எப்டி ஆறும்? வேலைய மாத்திக் குடுக்கச் சொல்லி மேஸ்திரிகிட்ட யார் பேசறது?” என்று ஆம்பூர் சிஸ்டர் சண்டைக்கே வந்துவிட்டார். இரண்டு நாளில் அந்தப் பக்கம் சந்தைக்கடை ஆனது.

முதல்வர் படித்துவிட்டுச் சிரித்தார். “நடத்துங்க” என்றார். என் கேள்விகளையெல்லாம் தூக்கிப் போட்டுவிட்டு, ஒவ்வொரு பாடத்தையும் ஓவர் கொடுப்பதுபோல மாற்றி அமைத்தேன்.

சான்றிதழ் வாங்க இடுப்பில் குழந்தையோடு வந்த ஆலங்காயம் சிஸ்டர், “உங்களாலதான் மேடம் படிச்சேன்” என்று என் கையைப் பிடித்துக்கொண்டார். நான் சொல்ல வேண்டிய நன்றியை அவர் சொல்லிவிட்டார்.

அதற்குப் பிறகு எத்தனையோ கோர்ஸ் வடிவமைத்துவிட்டேன். படிக்க வருகிறவர்கள் தங்களுக்குள் எங்கே பயமில்லாமல் பேசிக்கொள்கிறார்கள் என்று தெரிந்துகொண்ட பிறகே முதல் பாடத்தை எழுத உட்காருகிறேன், ஒவ்வொரு முறையும் அந்தச் சிஸ்டருக்கு மனதார நன்றி சொல்லிக்கொண்டு.